தனிய விட்ட முதல் நாள்

வாய்க்கால்கரை

மகன் இப்போது ஆறாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளிநொச்சி நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாறியிருக்கிறான். வீட்டிலிருந்து ஆறு கிலோமீற்றர். முதலில் இரணைமடுத் தண்ணீர் வரும் வாய்க்கால் கட்டு, அடுத்து கிரவல் றோட்டு, பிறகு தண்டவாளம், கடைசியில் ஏ9 பெருந்தெரு. முதல் கிழமையே தொடங்கிவிட்டான்: "அம்மா, எல்லாரும் சைக்கிள்ள தனிய வருகினம். நான் மட்டும் உங்களுக்குப் பின்னால இருந்து வாறன். சிரிக்கிறாங்கள்."

நான் ஒரு மாதம் இழுத்தடித்தேன். மழை, காய்ச்சல், சைக்கிளுக்குப் பிரேக் சரியில்லை என்று என்னென்னவோ சொன்னேன். என் கணவர் பேசாமல் பிரேக்கைத் திருத்திக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்திவிட்டார்.

உண்மையைச் சொன்னால் பயம் எனக்குள்ளேதான் இருந்தது. 2007இல் எனக்குப் பதினேழு வயது. அப்பா என்னை ஒன்பது மாதம் படலைக்கு வெளியே விடவில்லை. நாய் குரைத்தால் நெல்லுமூட்டைக்குப் பின்னால் போய் இருப்பேன். சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று புலிகள் கேட்டுக்கொண்டிருந்த காலம். அப்போது வன்னியில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. அப்பா செய்தது சரிதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்லுவேன். ஆனால் அந்த நெல்லுமூட்டைக்குப் பின்னால் என் மகனையும் இருத்திவைக்கப் பார்க்கிறேனோ என்று ஒருநாள் இரவு யோசித்தேன்.

சரி, விட்டேன். விடுவதற்கு முதல் இரண்டு சனிக்கிழமை அவனோடு அந்தப் பாதையில் சும்மா போய் வந்தேன். "கவனமாப் போ" என்று ஒரு தடவைகூடச் சொல்லக்கூடாது என்று எனக்கே ஒரு கட்டுப்பாடு. மூன்று இடத்தில் மட்டும் சைக்கிளை நிறுத்திக் கதைத்தேன். துருசடியில் (வாய்க்கால் மதகு): சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்திருக்கும் நாளில் இதற்குள் கால்கூட வைக்கக்கூடாது, மேலே பார்க்க அமைதியாக இருக்கும், அடியில் இழுவை. கிரவல் றோட்டு வளைவில்: மணல் ஏற்றும் ரிப்பர் லொறி வரும் சத்தம் கேட்டால் இறங்கி வேலியோரம் நிற்க வேண்டும், அவன் விலத்துவான் என்று நினைக்காதே. மூன்றாவது தண்டவாளம்.

தண்டவாளத்தில்தான் எனக்கே சொல்லத் தெரியவில்லை. நான் பிறந்தது 1990. அந்த வருடம்தான் வடக்கு ரயில் நின்றது. சின்ன வயதில் நான் தண்டவாளத்தைப் பார்த்ததே பங்கருக்குள்தான். கூரைக்குப் போட்டு மேலே மண்மூட்டை அடுக்கியிருப்பார்கள். ரயில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது 2013 செப்டம்பரில், மகன் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்பு. அது எவ்வளவு வேகமாக வரும், எவ்வளவு தூரத்தில் சத்தம் கேட்கும் என்பதெல்லாம் எனக்குப் பழக்கமே இல்லை. அவன்தான் எனக்குச் சொன்னான்: "சத்தத்தை நம்பக்கூடாதம்மா. காத்து மற்றப் பக்கம் அடிச்சா கிட்ட வரும்வரைக்கும் கேக்காது. கண்ணாலதான் பாக்கோணும்."

முதல் நாள் அவனை அனுப்பிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பின்னாலேயே வெளிக்கிட்டேன். அவர் சிரித்தார். கடவையில் மணி அடித்தது. இரண்டு மோட்டார் சைக்கிள் தடைக்கம்பத்தைச் சுற்றி நுழைந்து போனது. இவன் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, முன்சில்லைக் கம்பத்துக்கு ஒரு முழம் பின்னால் வைத்து நின்றான். நான் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றேன். ரயில் போய் முடிந்ததும் அவன் திரும்பிப் பார்க்காமலே கத்தினான்: "அம்மா, நீங்கள் வீட்ட போங்கோ. உங்கட செயின் சத்தம் வாய்க்கால் கட்டிலயே கேட்டது!"

உங்கள் வீடுகளில் எப்படி? எந்த வயதில் எதை விட்டீர்கள்? எழுதுங்கள்.

மாங்குளத்தான்

அக்கா, ரிப்பர் கதை நூற்றுக்கு நூறு.

என் மூத்தவன் பன்னிரண்டு வயதில் வயலுக்குள் லான்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) ஓடினான். நான் பக்கத்தில் நடந்தேன். அதில் எனக்குப் பெருமை. பதினாறில் மோட்டார் சைக்கிள் கேட்டான். லைசென்சுக்குப் பதினெட்டு வேண்டும் என்பது தெரியாமலா? ஆனால் எங்கள் பக்கம் யார் பார்க்கிறார்கள். "கடைக்கு மட்டும்" என்று சாவியைக் கொடுத்தேன். கடைக்குப் போனவன் மாங்குளம் சந்தியும் தாண்டிப் போய், வரும்போது கிரவலில் சறுக்கி, முழங்காலில் இருந்து கணுக்கால்வரை உரித்துக்கொண்டு வந்தான். எலும்பு முறியவில்லை. கிணற்றடியில் வைத்து நான் கால் கழுவிவிட, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அவனை ஏசவில்லை. சாவியைக் கொடுத்தது என் கைதானே.

வயலும் றோட்டும் ஒன்றல்ல என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வயலில் நான் அவனைப் பழக்கினேன், றோட்டில் சும்மா விட்டேன். இப்போது சாவி என் சாரத்து மடிப்புக்குள்தான். பதினெட்டுக்கு இன்னும் ஏழு மாதம், அவன் நாளெண்ணுகிறான்.

தெற்கே படிக்கிறவள்

வாய்க்கால்கரை அக்கா, உங்களுக்கு மகளும் இருந்தால் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

எனக்கும் ஒரு சைக்கிள் இருந்தது. ஊதா நிறம், முன்னுக்குக் கூடை. ஏழாம் வகுப்பில் சாமத்தியப்பட்டேன். மண்டபம், வீடியோ, மாமிமாரின் சங்கிலி எல்லாம் முடிந்து பந்தல் பிரித்த அன்று அப்பா சைக்கிளைத் தூக்கிக் கொட்டில் வளையில் கட்டித் தொங்கவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ரியூசனுக்கு அம்மா கூட வருவா, வெளியே கல்லில் இருப்பா, முடிந்ததும் கூட்டிக்கொண்டு போவா. சந்திக் கடை இருநூறு மீற்றர். அங்கே தம்பிதான் போவான், என்னைவிட நாலு வயது இளையவன்.

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிந்தது. கம்பஸ் கிடைத்தது, மாத்தறை. ஊரே கொண்டாடியது. இருநூறு மீற்றர் தனிய நடந்திராத என்னை இலங்கையின் மற்றத் தொங்கலுக்கு அனுப்புகிறார்கள்! முதல் தடவை அப்பா கொண்டுபோய் விட்டார். இரண்டாம் தடவை நான் தனிய. இரவு பஸ்ஸில் கொழும்பு, அங்கிருந்து மாத்தறைக்கு ரயில். கோட்டை ஸ்டேஷனில் ரிக்கெற் கவுண்டருக்கு முன்னால் நின்று "மாத்தறை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிங்களம் தெரியாததால் இல்லை, மாத்தறை எந்த மொழியிலும் மாத்தறைதானே. கவுண்டரில் நின்று எதையும் கேட்டுப் பழக்கமே இல்லை. பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா, தலையில் முக்காடு, தமிழில் "எங்க மகள் போகணும்?" என்று கேட்டு எனக்கும் சேர்த்து எடுத்துத் தந்தார்.

அடுத்த கிழமை காசு எடுக்க ஏ.ரி.எம்.முக்குப் போனேன். கார்டைத் திருப்பிப் போட்டு, அது வெளியே தள்ள, மறுபடி போட, மறுபடி தள்ள. கண்ணாடிக்கு வெளியே வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்கள். அழுகை வந்துவிட்டது. பத்தொன்பது வயதில்!

எங்கள் அம்மாவில் எனக்குக் கோபம் இல்லை. நாலு பேர் என்ன சொல்லுவினம் என்ற பயம். அந்த நாலு பேரை நான் இன்னும் சந்திக்கவில்லை, சந்தித்தால் ஏ.ரி.எம். வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவேன். சைக்கிளைக் கட்டித் தொங்கவிட்ட அன்றைக்கு என்னைச் சந்திக் கடைக்கு அனுப்பியிருக்கலாம். அடுத்த வருடம் கிளிநொச்சிச் சந்தைக்கு, அதற்கடுத்த வருடம் வங்கிக்கு ஒரு தாள் நிரப்ப. ஆறேழு வருடம் இருந்ததே, அவ்வளவும் கல்லில் இருந்து போனது, அம்மாவுக்கும்தான்.

ஆரம்பப் பிரிவு ரீச்சர்

சுருக்கமாக ஒன்று. போர் முடிந்து மீள்குடியேற்றத்தின் தொடக்கத்தில், 2010, 2011 அளவில், நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பற்றைக்காடு. அதன் விளிம்பு முழுக்க மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. பிள்ளைகளுக்கு மிதிவெடி பற்றி வந்து சொல்லிக்கொடுத்தார்கள்: படம் காட்டி, எப்படி இருக்கும், கண்டால் தொடாமல் வந்த வழியே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று. முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது அத்துப்படி. பலகைக்கு இந்தப் பக்கம் அவர்கள் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பந்து பலகைக்கு அந்தப் பக்கம் விழுந்தால் விழுந்ததுதான், ஒருத்தர் கால் வைக்க மாட்டார்கள். "ரீச்சர், பந்து போயிற்றுது" என்று வந்து நிற்பார்கள்.

பிறகு அகற்றி முடித்தார்கள், பலகையும் போயிற்று. இப்போது அதே பள்ளிக்கூடத்தில் தாய்மார் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வாசல்வரை வருகிறார்கள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஏன் என்று கேட்டால் "பயம் ரீச்சர்". எதற்குப் பயம் என்று கேட்டால் பதில் இல்லை. யானை என்றால் யானை என்று சொல்லுங்கள், அதற்கு ஒரு பாதையும் நேரமும் இருக்கிறது, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பாம்பு என்றால் ரோச் லைற்றும் செருப்பும். மற்ற மனிதர்கள் என்றால் அதையும் வாயைத் திறந்து பிள்ளைக்கு விளங்கச் சொல்லுங்கள்: யார் தொட்டாலும், தெரிந்தவர் என்றாலும், வீட்டில் வந்து சொல்லு என்று. "வெளியில போகாத" என்பதற்குள் ஒன்றும் இல்லை. வாய்க்கால்கரை அக்கா துருசடியில் நிறுத்தியதை வாசித்தபோது எனக்கு அந்தச் சிவப்புப் பலகைதான் நினைவு வந்தது.

அம்மம்மா (பேத்தி எழுதுகிறாள்)

அம்மம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவவின் பேச்சிலேயே விடுகிறேன்.

"நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம். என்ர மகள் குவைத்தில வீட்டு வேலை. மூண்டு வருசமாச்சு. பேத்திக்குப் பதின்மூண்டு. விடிய எழும்பிச் சோறு வைப்பாள், தம்பியை வெளிக்கிடுத்துவாள், வங்கிப் புத்தகம் அவளின்ர கையில, என்ர பிறசர் குளிசையும் அவள்தான் எண்ணித் தாறது. சனம் சொல்லுது, பெட்டைக்குச் சுதந்திரம் கூடிப்போச்சு எண்டு. மோனே, இதுக்குப் பேர் சுதந்திரமே? சுமையெல்லோ. இரவு வீடியோவில தாய் கேக்கிறாள், 'பிள்ளை, சோத்துப் பானையைத் திறந்து காட்டு.' இவள் போனைப் பானைக்கு மேல பிடிக்கிறாள். ஆவியில கண்ணாடி மறைஞ்சு தாய்க்கு ஒண்டும் தெரியேல்ல.

வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சிநேகிதப் பிள்ளையளோட போகோணும் எண்டு கேட்டாள். தாய் மாட்டன் எண்டாள். நான் சொன்னன், அவள் போகட்டும், சமையல் நான் பாக்கிறன். அயலட்டைப் பொம்பிளையளும் கூடப் போகினம். விடிய எட்டு மணிக்கு வாறன் எண்டவள் பத்துக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்து, கையில காப்பு, மடியில கச்சான். ரெண்டு மணித்தியாலம் நான் படலையில நிண்டதை அவளுக்குச் சொல்லேல்ல."

(இப்போதுதான் தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கோ அம்மம்மா. பஸ் நிறைஞ்சுபோய் வந்தது, ஏற முடியவில்லை.)

வாய்க்கால்கரை

எல்லோருக்கும் நன்றி. அம்மம்மாவின் பகுதியை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன், எழும்பி வெளியே போய்விட்டார்.

மகன் நாலு மாதமாகத் தனியப் போய் வருகிறான். ஒரு நாள் மட்டும் நாற்பது நிமிடம் பிந்தினான். நானும் படலையில்தான் நின்றேன். யாரோ ஒரு பெடியனின் செயின் கழன்று, ஓரம் கட்டிப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தானாம், கையெல்லாம் கிறீஸ். அந்தக் கையாலேயே வெள்ளைச் சேட்டைத் துடைத்திருந்தான். அதற்குத்தான் ஏச்சு விழுந்தது.

தெற்கே படிக்கும் தங்கச்சி, எனக்கு மகளும் இருக்கிறாள். எட்டு வயது. "அண்ணா மாதிரி நான் எப்ப?" என்று கேட்டபோது இவரும் நானும் ஆளையாள் பார்த்தோம். மகனுக்கு அவ்வளவு கெதியாகப் பிரேக் திருத்தினவர், இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இந்தச் சனி அவளை நீங்கள் சொன்னதுபோல் கடைவரைக்கும் முன்னால் நடக்கவிட்டுப் பார்ப்போம் என்றிருக்கிறேன். உங்கள் சைக்கிளை எப்போது இறக்கினார்கள்?

தெற்கே படிக்கிறவள்

அவர்கள் இறக்கவில்லை அக்கா. போன விடுமுறையில் ஏணி வைத்து நானே இறக்கினேன். கயிறு உக்கிப்போய் இருந்தது. பின் ரயர் வெடிப்பு, கூடைக்குள் குளவிக் கூடு. சந்தியில் கொடுத்து ரயரும் டியூப்பும் மாற்றினேன், என் மகாபொல புலமைப்பரிசில் காசில். ஓடிக்கொண்டு படலையால் வெளிக்கிட, அம்மா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றா. விளக்குமாற்றை நிறுத்திப் பார்த்தா. "வரேக்க அரைக் கிலோ சீனி வாங்கிக்கொண்டு வா" என்றா.