மறு: வெயில் சூட்டில் ஓடும் குளிர்விப்புக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

வெயிலின் சூட்டிலேயே ஓடிக் குளிர்விக்கும் எந்திர முறைக்குத் தமிழ்ப் பெயர் கேட்ட கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். 'சூரியக் குளிரூட்டி'யை முதலிலேயே தள்ளிவிடலாம். கூரையில் சூரியப் பலகை வைத்து, அதில் வரும் மின்சாரத்தில் சாதாரண ஏசியை ஓட்டினால் அதுவும் சூரியக் குளிரூட்டிதானே? நாம் பெயர் தேடுவது வெயிலின் சூட்டை நேராக வேலை வாங்கும் எந்திரத்துக்கு. அதில் சாதாரண ஏசியில் வாயுவை அழுத்தும் கம்ப்ரசரே கிடையாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாத பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன்படாது.

உள்ளே நடப்பது இதுதான். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட கலத்தில் தண்ணீர் இருக்கிறது. அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு, அதனால் தண்ணீர் 5 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கிறது. கொதிக்க வேண்டிய வெப்பத்தை அந்தக் கலத்துக்குள் போகும் குழாய் நீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, அப்படிக் குளிர்ந்த குழாய் நீர்தான் அறைகளுக்குப் போகிறது. கிளம்பிய ஆவியை அப்படியே விட்டால் அழுத்தம் ஏறிக் கொதிப்பு நின்றுவிடும். அதனால் பக்கத்துக் கலத்தில் லித்தியம் புரோமைடு என்ற உப்பின் அடர்ந்த கரைசலைத் தூவுகிறார்கள், அது ஆவியைக் குடித்துக்கொண்டே இருக்கும். குடித்துக் குடித்து நீர்த்துப்போன கரைசலை மறுபடி காய்ச்சி அடர்த்தியாக்கத்தான் வெயில் வேண்டும். 80 முதல் 95 டிகிரி வரை சூடான நீர் இருந்தால் போதும், வெற்றிடக் குழாய் சூடேற்றிகள் அதைக் கொடுத்துவிடும். கரைசலை மேலேற்ற ஒரு சின்ன பம்பு உண்டு, ஆகவே 'மின்சாரமில்லாக் குளிர்விப்பு' என்று ஒருவர் எழுதியிருந்ததையும் ஏற்க முடியாது.

சரி, பெயருக்கு வருவோம். 'வெயில் குளிர்விப்பு' சுருக்கமாக இருக்கிறது, ஆனால் வேற்றுமைத் தொகை நம்மைக் கவிழ்த்துவிடும்: வெயிலால் குளிர்விப்பதா, வெயிலைக் குளிர்விப்பதா? 'வெப்ப இயக்கக் குளிர்விப்பு' என்றால் வெப்ப இயக்கவியல் பாடம்தான் நினைவுக்கு வரும். 'வெயிலுந்து' எனக்குக் காதுக்கு மிகவும் பிடித்திருந்தது. பேருந்து, மகிழுந்து என்று பழகிய வாசகரோ அதைச் சூரிய வண்டி என்றே படிப்பார்.

என் பரிந்துரை 'வெயிலியங்கு குளிர்விப்பு'. தானியங்கு என்ற சொல் எல்லோருக்கும் தெரியும், அதே வார்ப்பு. வினைத்தொகை என்பதால் நடுவில் 'க்' மிகாது, அதைக் கவனித்து எழுதவேண்டும். இன்னொரு வசதி, தொழிற்சாலைக் கழிவு வெப்பத்திலும் இதே எந்திரம் ஓடும் என்பதால் பொதுப்பெயராக 'வெப்பியங்கு குளிர்விப்பு' என்று வைத்துக்கொண்டு, அதன் ஒரு வகையாக இதைச் சொல்லலாம். குளிரூட்டல் வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு: அது அறை ஏசியோடு ஒட்டிக்கொண்ட சொல். இந்த முறையில் பனிக்கட்டியே செய்யலாம். பிரெஞ்சுப் பொறியாளர் ஃபெர்டினாண்ட் காரே 1859-இல் அம்மோனியாவும் நீரும் கொண்டு இப்படி ஓர் எந்திரத்தை உருவாக்கினார். 1878 பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சுக் கண்டுபிடிப்பாளர் ஒகுஸ்தேன் மூஷோ கண்ணாடியால் வெயிலைக் குவித்துப் பனிக்கட்டி செய்தே காட்டினார்.

அடுத்து, இந்த எந்திரங்கள் ஆவியை வாங்கிக்கொள்ளும் இரண்டு வழிகள்: அப்சார்ப்ஷன், அட்சார்ப்ஷன். தமிழ் எழுத்தில் எழுதும்போது ஓர் எழுத்துதான் வித்தியாசம், வேகமாகப் படித்தால் ஒன்றே போலிருக்கும். இங்கே நான் இலங்கைப் பாடநூல் வழக்கை எடுத்துக்கொள்ளச் சொல்வேன்: அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல். கரைசல் ஆவியைத் தனக்குள்ளே வாங்கிக்கொள்வது அகத்துறிஞ்சல். சிலிக்கா ஜெல் (மருந்துப் புட்டிக்குள் சின்னப் பொட்டலமாக வருமே, அதேதான்) தன் நுண்துளைப் பரப்பில் ஆவியை ஒட்டவைத்துக்கொள்வது புறத்துறிஞ்சல். புறத்துறிஞ்சலுக்குப் 'பரப்புக் கவர்ச்சி' என்று தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இருப்பது தவறில்லை, ஆனால் இரண்டும் இணையாக நிற்கும்போது கிடைக்கும் தெளிவு அதில் இல்லை.

அப்புறம் ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்த எந்திரத்தில் கரைசலைக் காய்ச்சும் பகுதிக்கு ஜெனரேட்டர் என்று பெயர். அகராதியைப் பார்த்து அதை 'மின்னாக்கி' என்று எழுதினால் முழுக் கட்டுரையும் பொய்யாகிவிடும், அங்கே மின்சாரம் எதுவும் உண்டாவதில்லை, ஆவி பிரிகிறது. ஆகவே 'பிரிகலன்'. ஆவியை வாங்கும் பக்கம் 'உறிஞ்சுகலன்'. கொதிகலன் ஏற்கெனவே இருப்பதால் இரண்டும் உறுத்தாது. அதுபோல சிங்கிள் எஃபெக்ட், டபுள் எஃபெக்ட் என்ற எந்திர வகைகளை ஒற்றை விளைவு, இரட்டை விளைவு என்றால் ஒன்றும் விளங்காது. டபுள் எஃபெக்டில் முதல் பிரிகலனில் கிளம்பும் ஆவியைக் கொண்டே இரண்டாவதைச் சூடேற்றுகிறார்கள், அவ்வளவுதான்; 'ஓரடுக்கு', 'ஈரடுக்கு' போதும். ஓரடுக்கில் ஒரு பங்கு வெப்பத்துக்கு ஏறக்குறைய 0.7 பங்கு குளிர்ச்சி, ஈரடுக்கில் 1.2 வரை, ஆனால் அதற்கு 150 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும், வெயிலைக் குவித்தால்தான் கிடைக்கும்.

டெசிகன்ட் சக்கரம் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு வெயில் சூட்டில் அதை விட்டுவிடும் சுழல் சக்கரம். 'உலர்த்தி' என்றால் துணி உலர்த்தும் எந்திரம் ஆகிவிடுகிறது. 'ஈரம்வாங்கிச் சக்கரம்' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.