கூத்து ரெக்கார்டிங் பாதியில் சுருதி ஏறிவிட்டது, அவசர உதவி தேவை

பென்னாகரத்தான்:
வணக்கம். எங்கள் ஊரில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தை லேப்டாப்பில் ரெக்கார்ட் செய்தேன். முன்பாதி அருமை. நடுவில் ஓர் இடத்திலிருந்து எல்லார் குரலும் கீச்சென்று ஆகிவிட்டது, தாளமும் ஓடுகிறது. ரெக்கார்டிங் எங்கே என்று கூத்து வாத்தியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒலிக்கருவியை லேப்டாப்போடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளின் பிரச்சினையா? சீக்கிரம் சொல்லுங்கள்.

பாலக்கோடு மைக்செட்:
ஜெனரேட்டர் கரண்ட்தான் தம்பி. எர்த் ஒழுங்காகப் போட்டீர்களா?

ஓசூர் ஒலி:
விண்டோஸா, லினக்ஸா? மைக்கை லேப்டாப்போடு சேர்க்கும் பெட்டி, அதாவது இன்டர்ஃபேஸ், என்ன? எந்த சாம்பிள் ரேட், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து எடுத்தீர்கள்? போனில் போட்டாலும் கீச்சென்றுதான் இருக்கிறதா?

பழைய கை:
கரண்ட் ஏறி இறங்கினால் சுருதி மாறுவது டேப் ரெக்கார்டர் காலத்துக் கதை. கேட்பவரும் எதையும் சொல்லாமல் ‘சீக்கிரம்’ என்றால் எப்படி? ஒழுங்காகக் கேட்கப் பழகுங்கள், அப்புறம் பதில் வரும்.

பென்னாகரத்தான்:
விண்டோஸ் 10. யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், ஏசியோ (ரெக்கார்டிங்குக்கான டிரைவர் வகை) டிரைவர். வீடியோவோடு சேர்க்க வேண்டும் என்று 48000 வைத்தேன். போனிலும் அதேதான். ஹார்மோனியம் சுருதி 4 கட்டை. கெட்டுப்போன பகுதியில் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்கிறது.

ஓசூர் ஒலி:
அந்தக் கட்டைக் கணக்கே காட்டிக்கொடுத்துவிட்டது. 44100-இல் எடுத்ததை 48000-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறும். பத்து நிமிடப் பாட்டு 9 நிமிடம் 11 விநாடியில் முடிந்துவிடும். நடுவில் அதே லேப்டாப்பில் வேறு ஏதாவது ஓட்டினீர்களா?

பென்னாகரத்தான்:
இடைவேளையில் அண்ணன் சாமி பாட்டு போட்டார். அதிலிருந்துதான் கெட்டிருக்கிறது.

ஓசூர் ஒலி:
அதுதான். இந்த மாதிரி இன்டர்ஃபேஸ்களில் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் சாம்பிள் ரேட்டை நடத்துவது பெரும்பாலும் ஒரே கடிகாரம்தான். பாட்டு போட்ட பிளேயர் எக்ஸ்க்ளூசிவ் மோடில் (கருவியைத் தன் கையில் மட்டும் எடுத்துக்கொள்ளும் முறை) 44100 கேட்டிருக்கும், டிரைவர் மாற்றிக் கொடுத்துவிட்டது. ரெக்கார்டிங் நடக்கும்போது ரேட்டைப் பூட்டி வைக்கும் டிரைவரும் உண்டு, உங்களுடையது விட்டுக்கொடுத்திருக்கிறது. ரேட் மாறினால் மென்பொருளுக்குச் சொல்ல ஏசியோவில் கால்பேக் என்று தனி வழியே இருக்கிறது. டிரைவர் சொல்லவில்லையா, மென்பொருள் காதில் வாங்கவில்லையா, இங்கிருந்து சொல்ல முடியாது. ரேட்டைக் குறித்து வைக்கும் ஃபைலின் தலைப்பில் மட்டும் 48000 என்றே நின்றுவிட்டது.

குரல் ஒன்றும் அழியவில்லை. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்து, சுருதி மாறும் இடத்தில் வெட்டி, பின்பகுதியைத் தனி டிராக்காக வையுங்கள். டிராக் மெனுவில் ‘ரேட்’ போய் 44100 கொடுங்கள். ‘ரீசாம்பிள்’ பக்கம் போகாதீர்கள், அது கீச்சை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணிக்கையை மட்டும் மாற்றும். நீளம் கூடி சுருதி 4 கட்டைக்கு இறங்கினால் சரி. அப்புறம் மொத்தத்தையும் 48000-இல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

அரூர் ராகம்:
முதலிலேயே 96000-இல் எடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை. முகவீணை மாதிரி ஊதுகருவிக்கெல்லாம் அதுதான் நியாயம்.

பழைய கை:
96000 வைத்திருந்தாலும் பிளேயர் 44100 கேட்டால் மாறியிருக்கும், கூத்து இன்னும் வேகமாக ஓடியிருக்கும். மனிதக் காது எட்டுவது 20000 ஹெர்ட்ஸ் வரை. 48000-இல் 24000 வரை பிடிபடும்.

அரூர் ராகம்:
காது எண்ணிக்கை பார்த்தா கேட்கிறது? எங்கள் கோயில் முகவீணையை இரண்டிலும் எடுத்துப் பார்த்தேன், வித்தியாசம் தெரிகிறது.

பழைய கை:
எது எது என்று தெரியாமல் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பாலக்கோடு மைக்செட்:
சண்டையை விடுங்கள். இனிமேல் இடைவேளைப் பாட்டை போனிலிருந்து நேராக மிக்சருக்குக் கொடுங்கள் தம்பி, லேப்டாப்பைத் தொடவே வேண்டாம்.

ஓசூர் ஒலி:
மைக்செட் அண்ணன் சொல்வது சரி. லேப்டாப்பில்தான் போட வேண்டும் என்றால் சவுண்ட் செட்டிங்கில் எக்ஸ்க்ளூசிவ் அனுமதியை எடுத்துவிடுங்கள். பாட்டை விண்டோஸே 48000-க்கு மாற்றி அனுப்பும், கடிகாரம் அசையாது. பின்பகுதி சரியானதா என்று சொல்லுங்கள்.

பென்னாகரத்தான்:
4 கட்டைக்கு வந்துவிட்டது. வாத்தியாருக்கு அனுப்பிவிட்டேன். நன்றி.