பத்மினிக்கு ஜிப்ஸி எஞ்சின்: சப்ஃபிரேமை எங்கிருந்து தொடங்குவது?

உப்புக்காற்று, கீழக்கரை

வாப்பா விட்டுப்போன 1979 பிரீமியர் பத்மினி ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. பழைய 1089 சிசி எஞ்சினின் பிளாக்கில் விரிசல். இரண்டு முறை தைத்துப் பார்த்தும் தண்ணீர் கசிகிறது. ஜிப்ஸி கிங்கின் 1.3 லிட்டர் எஞ்சினும் அதன் ஐந்து கியர் பெட்டியும் உரிய ஆவணங்களோடு கிடைத்தன; வாங்கிவிட்டேன். இரண்டுமே எஞ்சினை நீளவாக்கில் வைத்துப் பின்சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கும் வண்டிகள் என்பதால் எளிதாகப் பொருந்திவிடும் என்று நம்பினேன்.

வெளியூரில் ஒரு பட்டறையில் 50 மில்லிமீட்டர் சதுரக் குழாயில் ஒரே நாளில் சப்ஃபிரேம், அதாவது எஞ்சினைத் தாங்கும் சட்டம், அடித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து எஞ்சினை இறக்கினால், எண்ணெய்த் தொட்டிக்கும் குறுக்குக் குழாய்க்கும் நடுவே விரல் நுழையவில்லை. பானெட் மூடவில்லை. மவுண்டிங் போல்ட்டை முறுக்கினேன்; நட்டு இறுகுவதற்கு முன்பே குழாய் உள்வாங்கி, மிதிபட்ட பால் டப்பாவைப் போல் ஆகிவிட்டது.

இதை வெட்டி ஒட்டிச் சரிசெய்யலாமா, புதிதாகத்தான் செய்ய வேண்டுமா? அந்தச் சட்டத்தை மாட்டும் முன்பக்க ரெயிலில் (வண்டியின் உடம்போடு சேர்ந்த நீளவாக்கு உத்தரம்) ஓரிடத்தில் திருப்புளியால் குத்தினால் உள்ளே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துருப்பிடிக்காத எஃகில் செய்துவிட்டால் இந்தக் கடற்கரையில் கவலையில்லை என்கிறார்கள். உண்மையா?

கட்டைமட்டம், மண்டபம்

தம்பி, நான் கார் மெக்கானிக் இல்லை. விசைப்படகில் எஞ்சின் இறக்குவது என் தொழில். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செய்கிறேன். ஆனாலும் நீங்கள் எழுதியதைப் படித்ததும் கை அரித்தது.

படகில் எஞ்சின் உட்காரும் கட்டையை நாங்கள் முதலில் செய்வதில்லை. படகின் புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் போகும் கோடுதான் முதலில். அந்த ஷாஃப்ட் வெளியே போகும் பின்பக்கக் குழாயின் நடுவே மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, அதை எஞ்சின் அறை வரைக்கும் கொண்டுவருவோம். அந்தக் கம்பி சொல்லும் இடத்தில் எஞ்சினை சங்கிலியில் தொங்கவிட்டு நிறுத்துவோம். அதன் பிறகுதான் கீழே இருக்கும் இடைவெளியை அளந்து கட்டை வெட்டுவோம். உங்கள் பட்டறைக்காரர் முதலில் கட்டிலைச் செய்துவிட்டு, பிறகு ஆளைப் படுக்கச் சொல்லியிருக்கிறார். கால் வெளியே நீட்டத்தான் செய்யும்.

அந்தச் சட்டத்தைப் பழைய இரும்புக்குப் போடுங்கள். காசு போனது போனதுதான். வெட்டி ஒட்டிய சட்டத்தில் எந்த மூலை எதை இழுக்கிறது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

இனி வண்டியைச் சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் பட, ரசமட்டம் வைத்து நிறுத்துங்கள். பத்மினிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் எலும்பு. நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி வைத்து அளந்தால் உடம்பு வளைந்த நிலையின் அளவுதான் கிடைக்கும். எஞ்சின் இறங்கியதும் முன்பக்கம் கொஞ்சம் அமுங்கும். அந்த எடைக்கு மணல் மூட்டை வைத்துக்கொள்ளுங்கள். ரெயிலில் இருக்கும் பழைய துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்குக்கட்டியால் புள்ளி வையுங்கள். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். நாற்பது ஆண்டு ஓடிய வண்டியில் இரண்டும் ஒத்துப்போனால் எனக்கும் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.

எஞ்சினை முழு எடையோடு வைத்துப் போராட வேண்டாம். உள்ளுறுப்பு இல்லாத பாழடைந்த பிளாக் ஒன்றும் கியர் பெட்டியின் வெறும் கூடும் கிடைத்தால், இரண்டு பேர் தூக்கி இறக்கி நாற்பது முறை மாற்றிப் பார்க்கலாம். எண்ணெய்த் தொட்டி, ஸ்டியரிங் இணைப்புக் கம்பி, விசிறி, பானெட் எல்லாவற்றுக்கும் இடம் விடுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். எஞ்சின் ரப்பரின் மேல் ஆடும் என்பதால், ஓடும்போது நிற்கும் இடத்தைவிடக் கூடுதல் இடம் அதற்குத் தேவை.

குழாய் நசுங்கியதற்குக் காரணம் உள்ளே புஷ் இல்லாததுதான். போல்ட் போகும் துளையைப் பெரிதாக்கி, குழாயின் இரண்டு சுவரையும் தொடும்படி கனமான சிறு குழாய்த்துண்டை நுழைத்து இரு முனையும் வெல்டு வைத்து, தட்டையாக உரசிவிட வேண்டும். பிறகு போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அழுத்தம் அந்தத் துண்டில்தான் இறங்கும். படகில் நானும் ஆரம்பத்தில் இதே தவறைச் செய்தேன். கடலில் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே போல்ட் தளர்ந்து, ஷாஃப்ட் அடித்த அடியில் பின்பக்கக் குழாய் கசிந்து, மீனை விட்டுவிட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டே திரும்பினார்கள். அந்தப் படகின் உரிமையாளர் இன்றும் என்னைக் கண்டால் தண்ணீர் குடித்தாயா என்றுதான் கேட்பார்.

எஃகைப் பொறுத்தவரை துருப்பிடிக்காத எஃகில் 316 ரகம் போடுங்கள். உப்புக்கு அதுதான்.

பதிவுப்புத்தகம், பரமக்குடி

வெல்டிங் எனக்குத் தெரியாது, காகிதம் தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. ஆகவே வேலை தொடங்கும் முன்பே பதிவு அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். முடித்த பிறகு போய் நின்றால் அவர் கையில் எதுவும் இருக்காது.

இன்னொன்று. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் தனி விதி வந்தது; ‘வி.ஏ’ எழுத்தோடு தனிப் பதிவெண் கிடைக்கும். ஆனால் எஞ்சினோ உடற்கூடோ மாற்றப்படாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு 2029இல் 50 வயதாகிறது. ஜிப்ஸி எஞ்சினை இறக்கினால் அந்த வாசல் மூடிவிடும். பழைய எஞ்சினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

மூன்று டிகிரி, தூத்துக்குடி

கட்டைமட்டம் அண்ணன் சொன்ன வரிசை முறை சரி. புஷ் பற்றிச் சொன்னதும் அப்படியே. இரண்டு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

படகில் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து நான்கு பக்கமும் பார்ப்பார்கள். காரில் அப்படி வைத்தால் தவறு. பின் ஆக்ஸில் பட்டை வில்லின் மேல் ஏறி இறங்குவதால்தான் கியர் பெட்டியிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில், கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் யுனிவர்சல் ஜாயிண்ட் இருக்கிறது. கியர் பெட்டி முனையும் ஆக்ஸிலின் பினியனும் (ஷாஃப்ட் சுழற்றும் பல்சக்கரத் தண்டு) ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், ஒரே கோட்டில் அல்ல. ஜாயிண்டின் கோணம் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட டிகிரியில் இருப்பது நல்லது. முழுக்க நேராக வைத்தால் உள்ளே இருக்கும் ஊசி பேரிங்குகள் அசையாமல் ஒரே இடத்தில் குழி விழும். இரு முனைக் கோணமும் ஒத்துப்போகாவிட்டால் வேகம் ஏற ஏறத் தரையில் அதிர்வு வரும். அதை எஞ்சின் கோளாறு என்று நினைத்து மவுண்டிங் ரப்பரை மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது 316. அது துருப்பிடிக்காது, ஆனால் அது தொடும் உங்கள் வண்டியின் மெல்லிய தகடு பிடிக்கும். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் பேட்டரிபோல வேலை செய்யும், தேய்வது சாதா எஃகுதான். பெரிய சட்டம் ஒருபுறம், துளையைச் சுற்றிச் சிறு தகடு மறுபுறம் என்றால் தேய்மானம் இன்னும் வேகம். சாதா எஃகே போதும்: 3 மில்லிமீட்டர் சுவர் கொண்ட கறுப்புக் குழாய். துத்தநாகம் பூசிய குழாய் வேண்டாம். வெல்டில் துளை விழும், அதன் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சல் வரும்.

சட்டத்தைத் தொடும் முன் ரெயிலைச் சரிசெய்யுங்கள். திருப்புளி நுழையும் இரும்பில் எதை மாட்டினாலும் அது எஞ்சினோடு கீழே வரும். துருவை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுங்கள். புதுத் தகட்டின் முனையை நேராக வெட்டாமல் மீன் வாய்போலப் பிளந்து வெட்டினால், விசை ஒரே கோட்டில் குவியாது. வெல்டு ரெயிலுக்குக் குறுக்கே முடியக்கூடாது.

உங்கள் ஊரில் பிற்பகல் காற்றில் வாயுக் கவச வெல்டிங் செய்யாதீர்கள். காற்று வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும், வெல்டு பணியாரச் சட்டிபோல ஆகும். விடிகாலையில் செய்யுங்கள், அல்லது நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டுங்கள். 7018 ரக வெல்டிங் கம்பி என்றால் கடலோர ஈரத்தில் திறந்து வைத்த பெட்டியை நம்ப வேண்டாம், அடுப்பில் உலர்த்திப் பயன்படுத்துங்கள். எல்லா மூலையிலும் முதலில் புள்ளி வெல்டு மட்டும் வைத்து, குறுக்களவு மறுபடி பார்த்து, பிறகு எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி வெல்டு வையுங்கள். எஞ்சினின் மின்னணுப் பெட்டியைக் கழற்றிவிட்டுத்தான் இவை எல்லாம்.

கட்டைமட்டம், மண்டபம்

யுனிவர்சல் ஜாயிண்ட் விஷயத்தில் தூத்துக்குடிக்காரர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் படகுக்கு ஆக்ஸில் இல்லை. 316 பற்றியும் யோசித்தேன். நாங்கள் மரத்தில் அல்லவா மாட்டுகிறோம்! அதுதான் இத்தனை ஆண்டும் தெரியாமல் போயிற்று.

பூச்சு வேலை என் துறை, அதை விடமாட்டேன். கடற்கரை மணலை அள்ளிக் காற்றில் அடித்துத் துரு எடுப்பவரிடம் சட்டத்தைக் கொடுக்காதீர்கள். அந்த மணலின் உப்பு இரும்பின் மேல் தங்கி, பெயிண்டுக்கு அடியிலிருந்தே கொப்புளம் கிளம்பும். எந்த முறையில் சுத்தம் செய்தாலும் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த அன்றே எபாக்சி துத்தநாக அடிப்பூச்சு அடித்துவிடுங்கள். புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் தேவைப்பட்ட ஊர் இது. குழாயின் வாயை அடையுங்கள். அடைக்க முடியாவிட்டால் அடியில் தண்ணீர் வடியத் துளை விட்டு உள்ளே மெழுகு பாய்ச்சுங்கள். பாதி அடைத்துப் பாதி திறந்து வைப்பதுதான் மோசம்.

உப்புக்காற்று, கீழக்கரை

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும். அதிகாரியிடம் மனு கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. அதுவரை எதையும் முழுதாக வெல்டு வைக்கப்போவதில்லை; புள்ளி வெல்டோடு நிற்கிறது. பழைய எஞ்சின் சாக்கில் சுற்றித் திண்ணையடியில் இருக்கிறது.

அண்ணன் சொன்னபடி தூக்குக்குண்டு விட்டேன். குறுக்களவில் 11 மில்லிமீட்டர் வித்தியாசம். இடது ரெயில் உள்ளே வந்திருக்கிறது. வாப்பா ஒரு முறை பாம்பன் சாலையில் லாரி மேல் மோதியதாக உம்மா இப்போதுதான் சொல்கிறார்கள். முப்பது ஆண்டு ரகசியம். ரெயிலை இழுத்து நேராக்கித் தகடு மாற்றியாகிவிட்டது. வெறும் பிளாக்கை வைத்ததில் எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே இரண்டு விரல் இடம் கிடைத்தது. கியர் பெட்டி பின்னோக்கி மூன்றரை டிகிரி சரிவு, பினியனும் அதே. பானெட் மூடுகிறது.

ஒன்றுதான் பாக்கி. பத்மினியின் கியர் தண்டு ஸ்டியரிங்கோடு இருந்தது. முன் இருக்கை ஒரே நீள பெஞ்சு. ஜிப்ஸியின் தண்டு தரையிலிருந்து வருகிறது, நேராக பெஞ்சின் நடுவில். அது உம்மா உட்காரும் இடம். பெஞ்சை வெட்டாமல் தண்டை முன்னால் வளைத்துக் கொண்டுவந்த யாராவது இருந்தால், எத்தனை அங்குலம் வளைத்தீர்கள் என்று எழுதுங்கள்.