கோவையில் 500 பிரினெல் (கடினத்தன்மை அளவு) எஃகுத் தகடு சில்லறையாகக் கிடைக்குமா?

கணபதி, பீளமேடு பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மாரே, ஒரு உதவிங்க. பென்சில்வேனியாவில் இருக்கும் மச்சான், நம்ம நாட்டுத் துப்பாக்கி மாதிரி குழல்வாயில் கருமருந்து கிட்டித்துச் சுடும் ரகத்தில் பழகுகிறார். குண்டு பட்டால் ‘டங்’ என்று கேட்கும் 10 அங்குல வட்டத் தகடு வேண்டுமாம். அங்கே கடையிலேயே விற்கிறது, ஆனால் மாமன் ஊர்த் தகடுதான் வேண்டும் என்கிறார்!

அப்பா எம்.எஸ். பிளேட்டே (சாதாரண மென் எஃகுத் தகடு) போதும் என்கிறார். ஈயக் குண்டு மெதுதான், ஆனாலும் தகட்டில் குழி விழுந்தால் சிதறல் சுடுபவர் பக்கமே திரும்பும். அதனால் 500 பிரினெல் தகடு, 10 மி.மீ. கனம். எடை நாலு கிலோதான், பெட்டியில் போய்விடும்.

துண்டு யாரிடம் கிடைக்கும்? கேஸ் கட்டிங் வேண்டாம், சூட்டில் விளிம்பு இளகிவிடும். வாட்டர்ஜெட்டில் (அதிவேக நீர்த்தாரையில்) வெட்டித் தருபவர் உண்டா? அப்புறம், தகடு சற்று முன்சாய்ந்து தொங்கினால்தான் ஈயத்துணுக்கு தரையில் விழும். சங்கிலித் துளையை எங்கே போடுவது?