புளியமரப் பட்டையில் சின்னத் தேள்: செந்தேள் குட்டியா, வேறு இனமா?

கடலைக்காட்டுக்காரர்:
போளூருக்கு மேற்கே, ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் நிலம். நேற்று இரவு புற ஊதா டார்ச்சோடு வரப்பைச் சுற்றி வந்தேன். கிழட்டுப் புளியமரத்தில் பெயர்ந்திருந்த பட்டையின் இடுக்கில் இரண்டு தேள்கள் பச்சையாக ஒளிர்ந்தன. வாலையும் சேர்த்து ஒன்றரை அங்குலம்தான் இருக்கும். வெளிர்மஞ்சள் உடல், கரும்பழுப்புத் திட்டுகள். ஒன்றின் முதுகில் வெள்ளைக் குஞ்சுகள். அவை மட்டும் மங்கலாகத் தெரிந்தன. "செந்தேள் குட்டி, அடித்துப் போடு" என்கிறார் அப்பா. எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நாளை மறுநாள் அந்த மரத்தடியில் கடலை ஆய ஆட்கள் வருகிறார்கள், பிள்ளைகளோடு. எதைப் பார்த்து உறுதி செய்வது?

மலையோரம்:
குஞ்சு சுமந்தால் அது தாய். தேள் முட்டையிடாது, குட்டி ஈன்று, அவை முதல் தோலை உரிக்கும்வரை முதுகில் வைத்திருக்கும். தோல் கெட்டிப்பட்ட பிறகுதான் குஞ்சுகளும் நன்றாக ஒளிரும். ஆகவே அது எதன் குட்டியும் அல்ல, வளர்ந்தாலே அந்த அளவுதான். நட்டுவாக்காலியும் இல்லை, அதன் இடுக்கி நண்டுக்கு இருப்பதுபோலப் பருத்திருக்கும்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை:
தம்பி, நிறத்தை நம்பாதீர்கள். கொடுக்கு முள்ளின் அடியைப் பாருங்கள். அங்கே சிறு பல் போன்ற முனை இருந்தால் அது செந்தேள் அல்ல. பெரும்பாலும் ஐசோமெட்ரஸ் அல்லது லைக்காஸ் என்ற தேள் பேரினங்களில் ஒன்று. அடுத்து முதுகுத் தகடுகள். நீளவாக்கில் வரப்பு போல ஒரு கோடு எழும்பியிருந்தால் ஐசோமெட்ரஸ். மூன்று இருந்தால் லைக்காஸ் ட்ரைகரினேட்டஸ்; ட்ரைகரினேட்டஸ் என்றாலே மூன்று வரப்புடையது என்றுதான் பொருள். தனியாக இருப்பதை மட்டும் பிடித்துப் பாருங்கள். தாயைக் கலைத்தால் அது தன் குஞ்சுகளையே தின்றுவிடக்கூடும்.

ஆட்களிடமும் சொல்லிவையுங்கள். கொட்டுப்பட்டவருக்கு வியர்த்து, வாந்தி வந்து, கைகால் சில்லிட்டால் தேளைத் தேடி நேரத்தை வீணாக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மகாராஷ்டிரத்தின் மகாடு ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980களில் பிரசோசின் என்ற இரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துச் செந்தேள் கொட்டியவர்களைக் காப்பாற்றினார். அதைச் சீக்கிரம் கொடுக்க வேண்டும்.

கடலைக்காட்டுக்காரர்:
அம்மா, நீண்ட இடுக்கியால் பிடித்துக் கண்ணாடித் தம்ளருக்குள் விட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முள்ளின் அடியில் பல் இருக்கிறது. முதுகில் நடுக்கோடு உடனே தெரிந்தது. பக்கக் கோடுகள் இரண்டும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்த பிறகே தெரிந்தன. மூன்றையும் அப்பாவே எண்ணினார். பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டேன். கடலை ஆய்வதை வேப்பமரத்தடிக்கு மாற்றியாயிற்று; குஞ்சுகள் இறங்கும்வரை புளியமரத்தடிக்கு யாரும் போக வேண்டாம் என்று சொன்னவர் அப்பாதான்.