தறிச் சத்தத்துக்கு எந்த இயர்மஃப் (காதை மூடற கவசம்) வாங்கலாம்?

வணக்கமுங்க. சோமனூர் பக்கம் 16 விசைத்தறி ஓட்டுறோம். அப்பாவுக்கு 58 வயசு. இப்பெல்லாம் எதிரே நின்னு பேசினாலும் "என்ன கண்ணு?"ன்னு ரெண்டு தடவை கேக்கறார். இதுவரைக்கும் காதுல பஞ்சுதான். அது சத்தத்தைப் பெருசா தடுக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

செல்போன் ஆப்ல அளந்தேன், 98 டெசிபல் காட்டுது. (ஆப்பை முழுசா நம்ப முடியாது, தெரியும்.) ஃபேக்டரி விதிப்படி 8 மணி நேரத்துக்கு 90தான் உச்சம்.

கடைக்காரர் என்ஆர்ஆர் (சத்தத்தை எத்தனை டெசிபல் குறைக்கும்னு போடற மதிப்பு) 27 போட்ட இயர்மஃப் காட்டி, "98ல 27 போனா 71, போதும்"ங்கறார். நான் படிச்சது வேற: 27ல 7 கழிச்சு, மிச்சத்தைப் பாதியாக்கணும். அப்படின்னா 10தான் குறையும், 88ல நிக்கும். எதை நம்பறது?

இன்னொரு சிக்கல், அப்பா கண்ணாடி போடறவர். கண்ணாடிக் காம்பு உள்ள போனா மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவுல சந்து விழுந்துடுது. சித்திரை வெயில்ல ஷெட்டுக்குள்ள வேர்வை வேற. மெத்தையை மட்டும் தனியா மாத்தற மாதிரி வருதுங்களா? இல்ல, காதுக்குள்ள சொருகற ஃபோம் பிளக்கே தேவலையா?

நூல் அறுந்தா, தறி சத்தம் மாறினா காதுல விழணும். அதனால ரொம்ப அடைக்கறதும் ஆகாது. தறியிலோ ஸ்பின்னிங் மில்லிலோ மாசக்கணக்கா போட்டுப் பழகினவங்க, மாடலும் விலையும் சொல்லுங்க.