கண்ணாடி துடைக்கும் வேலைக்கு எந்த வண்டி எடுக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் வீடு, கடை, சின்ன அலுவலகங்களுக்கு ஜன்னல் கண்ணாடி சுத்தம் செய்து தருகிறோம். இதுவரை பைக்கும் வாடகை ஆட்டோவுமாகச் சமாளித்தோம். இனி சொந்த வண்டி இல்லாமல் முடியாது. மாருதி ஈக்கோ கார்கோவா, டாடா ஏஸா என்பதுதான் குழப்பம்.

எங்களுக்குப் பெரிய விஷயம் தண்ணீர். போர் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு நிற்கும். அதனால் ஆர்.ஓ.வில் சுத்திகரித்த தண்ணீரை டேங்கில் கொண்டுபோய், நீளக் கம்பு பிரஷ் வழியாக அடிக்க நினைக்கிறோம். 300 லிட்டர் என்றாலே 300 கிலோ. அதோடு டேங்க், பம்பு, பேட்டரி, ஏணி, இரண்டு ஆள். டேங்க் பாதி காலியாக இருக்கும்போது பிரேக் போட்டால் தண்ணீர் மொத்தமும் முன்னால் பாயும். அதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது.

ஈக்கோ மூடிய வண்டி, மழையிலும் பொருள் பத்திரம். ஆனால் சி.என்.ஜி. எடுத்தால் சிலிண்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஏஸ் பாரம் நன்றாகத் தாங்கும். திறந்த வண்டி என்றால் மேலே கூடு கட்ட வேண்டும். என் மனசு ஈக்கோ பக்கம்தான் சாய்கிறது.

தண்ணீர் டேங்க் வைத்து ஈக்கோ ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பின் சஸ்பென்ஷன் தாங்குகிறதா? டேங்க்கை எந்த இடத்தில், எப்படி போல்ட் போட்டீர்கள்? தண்ணீர் மொத்தமாகப் பாயாமல் இருக்க உள்ளே தடுப்புத் தகடு வைத்த டேங்க் சென்னையில் எங்கே செய்து தருவார்கள்? அப்புறம், மஞ்சள் போர்டு வண்டிக்கு இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது என்றும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.